மதிலாள், முந்தன், நான்

பின்பனி 41

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். தம்பியின் கறுப்புக் குதிரை கட்டை அறுத்துக்கொண்டு வந்து அக்காவின் அறை நிலைக்கட்டையைக் கடித்து வைத்திருக்கிறது. உன் மிருகத்துக்குத் தின்ன என் வாசல்தான் கிடைத்ததா என்று அக்கா. எந்நேரமும் பூட்டியே வைத்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக் குதிரைக்கும் ஆசை வரத்தான் செய்யும் என்று தம்பி. நான் இருவருக்கும் நடுவில் ரொட்டித் தட்டை வைத்தேன். அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு, வாய் நிறைய மென்றபடியே சண்டையைத் தொடர்ந்தார்கள்.

வேறு வீடாக இருந்தால் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்திக்கொள்வதோடு முடிந்துபோகும். எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் கீழே ஏதோ ஓர் ஊரில் ஆட்கள் வேல் தீட்ட உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த மாதிரி நாட்களில் அம்மா செய்த பாகப்பிரிவினை சரிதானா என்று யோசிக்கிறேன். அவள் ஒருத்தியே முழுப் போராக இருந்தவள். ஒரு நாள் அலுத்துப்போய், இருந்ததை மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அக்காவுக்கு மதில், கேடயம், வாசல், பூட்டு. தம்பிக்குக் குதிரை, வேல், முரசு. ஜனங்கள் அவளை மதிலாள் என்றும் அவனை முந்தன் என்றும் கும்பிடுகிறார்கள். நடுப்பிள்ளைக்கு மிச்சம் மீதிதானே. எனக்குப் போரில் விழுந்தவர்கள் வந்தார்கள். என் பெயர் ஏந்தி. தூக்குப்படுக்கையோடு பின்னால் வருகிறவள்.

அவர்கள் இருவருக்கும் கோயில் இருக்கிறது, பாட்டு இருக்கிறது. என்னை யாரும் பாட்டுப் பாடிக் கூப்பிட்டதில்லை. தண்ணீர் கேட்டுக் கூப்பிடுவார்கள்.

பின்பனி 46

நிலைக்கட்டைச் சண்டை எங்கே போய் நிற்கிறது பார்.

எங்கள் பாறைக்குக் கீழே ஆறு. இக்கரையில் சந்தையும் ஆஸ்பத்திரியும். அக்கரையில் கல்குவாரியும் சாயப்பட்டறைகளும். நடுவில் ஒரு பாலம். போன வருடம் இக்கரைக்காரர்களுக்கு மதில் கட்டும் ஆசை வந்தது. வந்ததென்ன, அக்காதான் ஊட்டினாள். கல் அக்கரையில்தான் இருக்கிறது. கேட்டார்கள், அவர்களும் கொடுத்தார்கள். பதிலுக்குப் பாலத்து வாசல் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் எப்போதும் திறந்திருக்கும் என்று பேச்சு. முந்தாநாள் மதிலின் கடைசிக் கல் ஏறியது, நேற்றே வாசலை அடைத்துவிட்டார்கள்.

அக்காவிடம் கேட்டேன். பூட்டுகளை வரிசையாக வைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். "தெறந்து கெடக்கிற வாசலுக்கு எதுக்கு மதில்" என்றாள், தலையைத் தூக்காமலே.

தம்பி இதைக் கேட்டுக்கொண்டே நின்றான். மதியம் குதிரையில் ஏறி அக்கரைக்குப் போனான். சிரித்துக்கொண்டு போனான். அவன் சிரித்துக்கொண்டு கிளம்பினால் நான் படுக்கைகளை எண்ணி வைப்பேன்.

பின்பனி 47

இருவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வாசலை யாராலும் உடைக்க முடியாது என்று அக்கா இக்கரைக்கு. நீங்கள் அந்த வாசலுக்குள் நடந்து போவீர்கள் என்று தம்பி அக்கரைக்கு. எங்களில் ஒருவர் வாக்குக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. இருவர் எதிரெதிராகக் கொடுத்தால் அதற்குப் பெயர் போர். இளவேனில் பிறக்கிற அன்று என்று நாளும் குறித்தாகிவிட்டது.

பின்பனி 48

தனித்தனியாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். அக்காவிடம், இந்தத் தடவை வாசலைத் திறக்கச் சொல், உன் மதிலுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். அவன் நாளைக்கு ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பான் என்றாள். தம்பியிடம், குவாரிக்காரனுக்கும் சாயக்காரனுக்கும் போர் என்ன தெரியும், விட்டுவிடு என்றேன். அவள் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள், நான் வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டுமா என்றான்.

கடைசியில் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "நீ உன் வேலையைப் பாரு."

என் வேலையா? நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கு நிப்பீங்க, நான் பின்னாலயே வந்து பொறுக்கிப் போடணும். அதானே என் வேலை? சரி. பாக்குறேன். என் வேலையையே பாக்குறேன்.

பின்பனி 50

ஆஸ்பத்திரிக்கு இறங்கிப் போனேன். போருக்கு முன்னால் நான் இங்கே வந்ததேயில்லை. நீளமான வராந்தா, சுண்ணாம்பு அடித்த சுவர், கொதிக்கிற துணிகளின் வாடை. பெரிய நர்ஸ் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கும்பிடவில்லை. "நீங்க இவ்வளவு சீக்கிரம் வந்தா எனக்குப் பயமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு வாளியை எடுத்து என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன்.

என் படுக்கைகளை வராந்தாவில் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தேன். இரண்டை விரித்தும் போட்டிருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் அதில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வாசல் காவலாளி. ஊரில் மூட்டை என்று கூப்பிடுகிறார்கள். பார்த்தாலே காரணம் தெரியும். பல்வலிக்கார நண்பனுக்குத் துணையாக வந்தவன், காத்திருந்து அலுத்து, படுத்துத் தூங்கிவிட்டான். உடம்பில் ஒரு கீறல் கிடையாது.

அவனைத் தேடி அவன் தலைவன் வந்து காலால் தட்டி எழுப்பினான். மூட்டை அலறிப் புடைத்து எழுந்து வேலைப் பிடிக்கப் போனான். கை மூடவில்லை. விரல்கள் வேலின் மேல் பட்டு, ஈரச் சோப்பில் வழுக்குவதுபோல வழுக்கின. இரண்டு கையாலும் முயன்றான். தலைவன் வேலை வாங்கி அவன் உள்ளங்கையில் அழுத்தினான். அது கீழே விழுந்தது. வராந்தாவில் எல்லோரும் சிரித்தார்கள். மூட்டைக்கு அழுகையே வந்துவிட்டது. வாளியின் பிடியை எடுத்துப் பார்த்தான், கை மூடியது. மறுபடி வேல். மறுபடி வழுக்கல்.

நான் சிரிக்கவில்லை. அம்மா என் பங்கைக் கொடுக்கும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. உன் படுக்கையில் முதுகு பட்டவன் உன் ஆள். அந்தப் போர் முடிகிறவரை அவன் ஆயுதத்தைத் தொட மாட்டான், ஆயுதமும் அவனைத் தொடாது. முதுகு பட்டவன் என்றுதான் சொன்னாள். காயம் பட்டவன் என்று அவள் சொல்லவேயில்லை.

பின்பனி 51

பெரிய நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்த துணியை மறுபடி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நல்லா இருக்கிறவனையே படுக்க வச்சிட்டா?"

"அவ்வளவுதான்."

"ரெண்டு கரை ஆம்பளைங்களையும்?"

"ஆமா."

"நோயாளியையே சொன்ன இடத்துல படுக்க வைக்க முடியல என்னால" என்றார். பிறகு படுக்கை எத்தனை வேண்டும், யார் செய்வார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியதுபோல இருந்தது.

பின்பனி 53

எனக்கு எந்த வாசலும் அடைபடாது, கூட வருகிறவர்களுக்குத்தான் அடைபடும். என் பங்கில் வந்த ஒரே வசதி அது. அக்கரைக்குப் போய்த் தச்சரைப் பார்த்தேன். காதில் பென்சில், பேச்சு குறைவு. விஷயத்தைக் கேட்டதும் பட்டறையின் பின்கதவைக் கழற்றி மேஜைமேல் போட்டார். அதிலிருந்து இரண்டு படுக்கைக்கான சட்டம் வரும் என்றார். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குக் கதவு இல்லை. எல்லாம் அவரவரே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தது.

துணி தைப்பது பக்கத்துச் சாயப்பட்டறைப் பெண். முழங்கைவரை நீலம். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. குனிய முடியாமல் துணியை வயிற்றின்மேல் வைத்தே தைக்கிறாள். அவள் புருஷன் அக்கரைப் படையின் முரசுக்காரன். முன்வரிசைக்கும் முன்னால் நடக்கிறவன். என் தம்பியின் செல்லப்பிள்ளை.

ஊசியை நிறுத்தாமலே கேட்டாள். "அவரைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுருவீங்கன்னு வாக்குக் குடுப்பீங்களா?"

வாக்கு என்ன செய்யும் என்று இந்த வாரம்தானே பார்த்தேன். கொடுக்கவில்லை. முயற்சி பண்ணுகிறேன் என்றேன்.

"சாமி முயற்சி பண்ணும்னு இப்பத்தான் கேள்விப்படுறேன்" என்றாள். கோபமா கிண்டலா தெரியவில்லை. நூலைப் பல்லால் அறுத்து, அடுத்த துணியை எடுத்தாள்.

பின்பனி 55

அக்கரைக் கூடாரங்களுக்குள் படுக்கையைத் தோளில் சுமந்து போனேன். ஒவ்வொரு கூடாரத்திலும் விரித்துப் போட்டு, ஒரு தடவை படுத்து எழுந்தால் போதும் என்றேன். சிரித்தார்கள். உயிரோடு இருக்கும்போதே பாடையா என்று ஒருவன். குவாரியில் கல் உடைக்கிற ஒரு பெரிய ஆள் மட்டும் படுக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவன் அவனைப் பார்த்தான். உடனே இவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புரிந்துவிட்டது. சாவுக்கு அவர்கள் இவ்வளவு பயப்படவில்லை. பக்கத்திலிருப்பவன் பார்த்துவிடுவானே என்றுதான் பயம்.

முரசுக்காரன் தோலை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள், பேசும்போது விரல்கள் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். மரியாதையாக எழுந்து நின்றான்.

"நான் படுத்துட்டா முரசு யாரும்மா அடிப்பாங்க? முரசு இல்லேன்னா ஒருத்தனும் காலை எடுத்து வைக்க மாட்டான்."

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்."

விரல்கள் நின்றன.

பின்பனி 56

யாரும் படுக்கவில்லை. இக்கரையிலும்.

பின்பனி 57

வீட்டுக்குப் போனேன். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா போனதிலிருந்து அப்படி நான் பார்த்ததேயில்லை. எனக்கு எதிராக ஒன்று சேர்ந்திருக்கிறார்கள்.

நான் அவள் ஆட்களைக் கலைக்கிறேன் என்று அக்கா. அவன் ஆட்களைப் பெண்டுகள் ஆக்குகிறேன் என்று தம்பி. அம்மா பிரித்துக் கொடுத்ததில் நான் எல்லை தாண்டிவிட்டேன் என்று இருவரும். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடித்தார். இவ்வளவு ஒற்றுமையைப் பார்த்து ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது, சத்தியமாக.

"அம்மா எனக்குக் குடுத்ததைத்தான் நான் செலவு பண்றேன்" என்றேன். "உங்களதுல ஒரு ஆணியைக்கூடத் தொடல."

"அப்படின்னா இந்த வீட்டுல இருக்காதே" என்றாள் அக்கா. தம்பி தரையைப் பார்த்தான்.

மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். பயமாத்தான் இருந்துச்சு. ஆனா திரும்பிப் பாக்கல.

பின்பனி 58

ஆஸ்பத்திரித் துணி அறையில் இடம். பெரிய நர்ஸ் ஒரு போர்வை கொடுத்தார்.

திட்டத்தை மாற்றிக்கொண்டோம். கூடாரத்துக்குள் போய்க் கேட்டால் தோழர்கள் முன்னால் வெட்கம். அதனால் படுக்கைகளைப் பாலத்திலேயே விரித்துவிடுவது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. வாசலை நோக்கி வருகிறவன் அதற்கு நடுவில்தான் நடந்தாக வேண்டும். நடக்கிறவன் நிற்கலாம். நிற்கிறவன் உட்காரலாம்.

அக்கரைப் பெண்கள் தூக்கி வந்தார்கள். சாயக்காரியை வராதே என்று சொன்னேன். கேட்கிற ஆளா அவள்? ஒவ்வொரு துணியின் முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இளவேனில் 1

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

வெயில் ஏறியதும் அக்கரைப் படை பாலத்துக்கு வந்தது. முன்னால் முரசுக்காரன். அவனுக்குப் பின்னால் குவாரி ஆட்கள், அவர்களுக்குப் பக்கவாட்டில் கறுப்புக் குதிரையில் தம்பி. எதிரே மதில்மேல் வில்லாளிகள், அவர்கள் நடுவே அக்கா. மூடிய வாசல். இடையில் விரித்துப்போட்ட என் படுக்கைகள். நடுவில் நான், விடியுமுன்பே வாசலைத் தாண்டி வந்திருந்த பெரிய நர்ஸ். வேறு யாரும் இல்லை.

முரசு ஆரம்பித்தது. நல்ல அடி. எனக்கே கால் தானாக நகரப் பார்த்தது. படை படுக்கைகளை ஒதுக்கிக்கொண்டு பாலத்தின் பாதிவரை வந்துவிட்டது. யாரும் நிற்கவில்லை. நான் முரசுக்காரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்காமல் படுக்கைத் துணிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். எல்லாம் அவன் பெண்டாட்டி தைத்தவை. ஒரு துணியில் அவள் கைநீலம் ஐந்து விரலும் பதிந்து இருந்தது. அவள் வேண்டுமென்று செய்தாளா, தற்செயலா, கேட்கவில்லை.

அடி நின்றது. கழுத்திலிருந்து முரசைக் கழற்றித் தரையில் வைத்தான். கோல்களை அதன்மேல் ஒன்றோடொன்று சேர்த்து வைத்தான். வெறுங்கையோடு அந்தப் படுக்கையை நோக்கி நடந்தான். அது வாசலுக்கு அருகில் இருந்தது.

மதில்மேல் இருந்த ஒரு வில்லாளிக்கு அது ஏதோ சைகை என்று பட்டிருக்கிறது. தந்திரம் என்று நினைத்துவிட்டான். அம்பு விலாவில் இறங்கியது. முரசுக்காரன் மடங்கி உட்கார்ந்தான். முரசு நின்றதில் ஏற்கெனவே மிரண்டிருந்த தம்பியின் குதிரை பாய்ந்து அவன்மேல் ஏறி ஓடியது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என் படுக்கை. முதுகு பட்டிருக்கணும். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நான் ஓடினேனே, ஓடித்தானே போனேன், ஏன் எட்டல?

தம்பி குதிரையை அடக்கிக்கொண்டு திரும்பி, "முன்னேறுங்க" என்று கத்தினான். அந்தக் குரலுக்கு மலையே நகரும். அன்று யாரும் நகரவில்லை. அவர்களுக்கு அடி கேட்க வேண்டும். முரசு தரையில் இருந்தது.

குவாரியின் பெரிய ஆள் வேலைக் கீழே வைத்தான். பக்கத்திலிருந்தவனை ஒரு தடவை பார்த்தான். பிறகு மிகவும் கவனமாக, சின்னப்பிள்ளை கட்டிலில் ஏறுவதுபோல, ஒரு படுக்கையில் ஏறிப் படுத்தான். முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பக்கத்திலிருந்தவன் அடுத்ததில் படுத்தான். அதன் பிறகு நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. வேல்கள் பலகைமேல் விழுகிற சத்தம், சட்டங்கள் பாரத்தில் முனகுகிற சத்தம்.

நானும் நர்ஸும் முரசுக்காரனைத் தூக்கினோம். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி இருப்பது வாசலுக்கு அந்தப் பக்கம். வாசலருகே போய் நின்று, மேலே அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. மூட்டை. "வேலைத்தானே என்னால பிடிக்க முடியாது, தாழ்ப்பாளைப் பிடிக்கலாம்ல" என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்தான்.

நாங்கள் உள்ளே போனோம். அக்கரை ஆட்களும் படுக்கைகளிலிருந்து எழுந்து, வெறுங்கையோடு பின்னாலேயே நடந்து வந்தார்கள். எங்களுக்குப் பின்னால் அந்த வில்லாளி மதிலை விட்டு இறங்கி வந்து, காலியாக இருந்த அந்த நீலக்கைப் படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு சொன்னார்கள். அதில் படுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

இளவேனில் 2

விடிந்ததும் முரசுக்காரன் போய்விட்டான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் இருந்தாள். அவன் விரல்கள் அவள் புறங்கையில் தட்டிக்கொண்டே இருந்தன, பிறகு நின்றன.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். "நீங்க வாக்குக் குடுக்காததும் நல்லதுதான்" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு கரையிலும் வேறு சாவு இல்லை. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை.

இளவேனில் 4

இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்து, வாசல் இனிமேல் மூடப்படாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். தயங்கினார்கள். எழுந்து போக முடியாதபடி பெரிய நர்ஸ் வழியில் வாளியை வைத்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

பாறையின் மேலே என் உடன்பிறப்புகள் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்களாம். வாசல் உடையவில்லை, உள்ளிருந்து திறந்தது, அதனால் ஜெயித்தது என் வாக்கு என்று அக்கா. எல்லோரும் நடந்து உள்ளே போனார்கள், அதனால் ஜெயித்தது என் வாக்கு என்று தம்பி.

இங்கே ஒருத்தன் செத்துக் கிடந்தான்டா. அதை யார் கணக்குல வைக்கிறது?

இளவேனில் 9

தம்பி வந்தான், நடந்து. குதிரையை வெளியே கட்டிவிட்டு வராந்தாவில் நின்றான். குதிரை அன்றிலிருந்து சரியாகத் தின்பதில்லை என்றான். குதிரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். நான் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், "அவன் நல்லா அடிப்பான்க்கா. அந்த மாதிரி அடி நான் கேட்டதே இல்ல" என்றான். எனக்குத் தெரிந்து என்னை அக்கா என்று அவன் கூப்பிட்டது சின்ன வயதில்தான்.

ஆறுதல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிணற்றடியில் தண்ணீர் தூக்க ஆள் இல்லை என்றேன். போனான்.

இளவேனில் 13

இன்று அக்கா. சுவர் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். இந்தக் கட்டடத்துக்குப் பாதுகாப்பே இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்றாள். ஆஸ்பத்திரிம்மா, யார் வேண்டுமானாலும் வரத்தான் கட்டியது என்றார் நர்ஸ்.

போகும்போது என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "அன்னைக்கு நீ கீழ நின்னு பாத்தியே. எனக்குத் தெறன்னு சொல்ல வாய் வரல. வாக்கு தொண்டைல நின்னுச்சு."

"மூட்டைக்கு வந்துச்சே."

"அவன் கடவுள் இல்லையே" என்றாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. முந்தானையால் ஜன்னல் தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம்.

வீட்டுக்கு வா என்றாள். இல்லை என்றேன். இங்கே வேலை இருக்கிறது. உனக்கும் இருக்கிறது.

இளவேனில் 20

தம்பி தண்ணீர் தூக்கினால் பாதி வழியிலேயே சிந்திவிடுகிறது, அவ்வளவு அவசரம். அக்கா மருந்து அலமாரிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். பெரிய நர்ஸ் சுத்தியலால் பூட்டை உடைத்து, உடைந்த பூட்டை அவள் கையிலேயே கொடுத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமாக உடைந்துவிட்டதே என்றாள்.

சாயக்காரி கட்டுத்துணி கொண்டுவந்து கொடுப்பாள். அவர்கள் இருவரும் இருக்கிற பக்கம் திரும்பமாட்டாள். அவர்களும் அவள் வந்தால் ஒதுங்கிவிடுகிறார்கள். இதில் நான் நடுவில் போவதில்லை. சில விஷயங்களைத் தூக்கிவிட எனக்கு உரிமை கிடையாது.

இளவேனில் 22

தூரத்து ஊர் ஒன்றிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது, மதில் கட்ட வேண்டுமாம். யாருக்கு எதிராக என்று கேட்டு அனுப்பினாள். அவள் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இளவேனில் 31

மதியம் குவாரி ஆள் ஒருவனின் தோள்மூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். விட்டுவிட்டு எழுந்து வரமுடியாத கட்டம். சாயக்காரிக்கு வலி எடுத்துவிட்டது என்று அக்கரையிலிருந்து ஆள் ஓடிவந்தார். பட்டறை முற்றத்திலேயே விழுந்துவிட்டாளாம்.

அங்கே அப்போது இருந்தது அவர்கள் இருவர்தான். படுக்கைச் சட்டங்களைப் பிரித்துத் திரும்பச் செய்த கதவுகளை வீடு வீடாக மாட்டிக்கொண்டிருந்தார்கள், தச்சர் அனுப்பியது. கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம், அலறல் கேட்டதும் படுக்கையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அவள் தரையில் கிடந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூச்சுவிடவில்லை என்று தச்சர் சொன்னார்.

"தூக்குங்க" என்றாளாம்.

நான் கைவேலை முடிந்து வாசலுக்கு ஓடியபோது பாலத்தின் பாதியில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தம்பி, பின்னால் அக்கா. படுக்கை ஆற்றில் போகிற ஓடம் மாதிரி ஆடியது. இழுக்காதே, விழுந்துவிடுவாள் என்று அவள். நிற்காதே, பிறந்துவிடும் என்று அவன். நீ எதற்குமே நிற்கத் தெரியாதவன். நீ எதற்குமே நகரத் தெரியாதவள். அம்மா உனக்குக் கொடுத்தது. அம்மா எனக்குக் கொடுத்தது. எனக்கு எட்டுகிற தூரத்தில் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

சாயக்காரி இரண்டு கையாலும் படுக்கைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மூடினார்கள். அதன் பிறகு தம்பியின் எட்டு சிறியதாகியது, அக்காவின் எட்டு நீண்டது. படுக்கை ஆடாமல் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது.

பெண் குழந்தை. நல்ல குரல். தாய் தூங்குகிறாள். பெரிய நர்ஸ் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு வெந்நீர் பார்க்கப் போயிருக்கிறார். ஒரு கையால்தான் இதை எழுதுகிறேன்.

கதவு வழியே வராந்தா தெரிகிறது. அக்காவும் தம்பியும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. இனிமேல் பேசலாமா என்று யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

சாயக்காரி எழுந்து சொல்லட்டும். நான் சொல்லப்போவதில்லை.